வாய்க்கால் வரைபடத்துக்கு எந்தத் தரவுத்தளம்? ஜாவா மென்பொருளுக்குள் வைக்கும் இடஞ்சார் தரவுத்தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மென்பொருள் பெரிய ஒன்றல்ல. கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் கீழ் பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் கிடக்கும் வயல் துண்டுகளைப் பலகோணமாகவும், வாய்க்கால்களைக் கோடாகவும், துருசு, மதகு, கிணறுகளைப் புள்ளியாகவும் காட்டவேண்டும், திருத்தவும் விடவேண்டும். மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்தில் இது வெறும் பதிவேடு. குளத்து நீரை நம்பிய சிறுபோகம் வந்தால்தான் வேலை. குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து இத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானித்ததும், எந்த வாய்க்காலில் எந்தத் துண்டு சேரும், எது விடுபடும் என்பதை அன்றைக்கே வரைந்து காட்டவேண்டும்.

எழுதும் மொழி ஜாவா. வடிவியல் வேலைக்கு ஜேடிஎஸ் என்ற ஜாவா நூலகம். ஓடப்போவது கமக்காரர் அமைப்பொன்றின் பழைய விண்டோஸ் மடிக்கணினியில். சேவர் கிடையாது. நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கமாட்டார். இணையம் என்றால் கைத்தொலைபேசி டேட்டா. கோப்பு கைமாறுவது பென்டிரைவில். அதை வாங்குபவர் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறப்பார். வயலுக்குப் போகிறவர் கைத்தொலைபேசிச் செயலியான கியூஃபீல்டில் போட்டுக்கொண்டு போவார். தரவுத்தளத்தைத் தெரிவுசெய்யும்போது பலரும் எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியின் செயற்கூறுகளின் பட்டியலை நீளம் பார்க்கிறார்கள். இந்த நிலையில் பார்க்கவேண்டியது வேறு: கோப்பு யார் கைக்குப் போகிறது, டிரைவர் (ஜாவாவைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நூலகம்) எந்த இயந்திரத்தில் ஏறவேண்டும்.

முதலில் அளவு

கணக்குக்கு 20,000 வயல் துண்டு என்று வைத்துக்கொள்வோம். துண்டொன்றுக்கு 12 மூலை; வளையத்தை மூட முதற்புள்ளி திரும்ப வருவதால் 13 புள்ளி. டபிள்யூகேபி வடிவில் (வடிவங்களைப் பைட்டாக எழுதும் பொதுமுறை) பலகோணத்தின் முகப்பு 13 பைட், புள்ளிக்கு 16 பைட் வீதம் 208, ஆக 221. கீழே வரும் ஜியோபேக்கேஜ் கோப்புவடிவம் முன்னால் சேர்க்கும் தலைப்பு, வடிவத்தைச் சுற்றிய செவ்வகமான எல்லைப்பெட்டியோடு 40 பைட். மொத்தம் 261 பைட். 20,000 துண்டுக்கு 5.2 மெகாபைட். கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு படத்தின் அளவு.

முழுதையும் ரேமில் ஏற்றி ஜேடிஎஸ்ஸின் எஸ்டிஆர்-ட்ரீ என்ற தேடல் மரத்தில் போட்டுவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. பார்க்க மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் எஸ்டிஆர்-ட்ரீயை ஒருமுறை தேடிவிட்டால் அது கட்டிமுடிந்துவிடும், அதன்பின் புதுத் துண்டைச் சேர்க்க விடாது. திருத்தும் மென்பொருளில் ஒவ்வொரு சேமிப்புக்கும் மரத்தைத் திரும்பக் கட்டவேண்டி வரும். மின்சாரம் போனால் ரேமில் இருந்ததும் போகும். ஆகவே தரவுத்தளம் வேண்டும். ஆனால் அதனிடம் கேட்பது மூன்றே விடயம்: பத்திரமாக எழுது, பெட்டிக்குள் விழுவதை வேகமாகக் கொடு, கோப்பை மற்றவரும் திறக்கும்படி வை. வெட்டுதல், இணைத்தல், வாய்க்காலுக்கு இத்தனை மீட்டர் கரை விடுதல் எல்லாவற்றையும் ஜேடிஎஸ் ஜாவாவுக்குள்ளேயே செய்யும்.

வரிசையில் நின்றவை

ஸ்பேஷியாலைட் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர். ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டுக்கு மேல் நூற்றுக்கணக்கான இடஞ்சார் செயற்கூறுகளை ஏற்றும் விரிவாக்கம். சிக்கல் அதன் வேர்களில்: அதன் ஏற்றும் கோப்பான மொட்_ஸ்பேஷியாலைட் தனியே வராது, ஜியோஸ், ப்ரோஜ் (ஆள்கூறு மாற்றும் நூலகம்), லிப்எக்ஸ்எம்எல் முதலிய டிஎல்எல் (விண்டோஸ் நூலக) கோப்புகளையும் இழுத்துக்கொண்டு வரும். அவற்றில் ஒன்று பாதையில் இல்லையென்றாலும் விண்டோஸ் சொல்வது “மொடியூலைக் காணவில்லை” என்பதே. காணாமற்போனது எது என்று சொல்லாது. கண்முன்னே மொட்_ஸ்பேஷியாலைட் கோப்பு இருக்கும், ஆள் அதையே திரும்பத் திரும்பக் கொப்பி பண்ணிக்கொண்டிருப்பார். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் 32 பிட், டிஎல்எல் 64 பிட் என்றாலும் ஏறாது. அதெல்லாம் தாண்டினாலும் ப்ரோஜின் தரவுக்கோப்பு கிடைக்காவிட்டால் ஆள்கூறு மாற்றம் வேலைசெய்யாது. விரிவாக்கத்தை ஏற்ற டிரைவரில் முன்கூட்டியே அனுமதி இடவேண்டும். ஏற்றுவதை ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாகச் செய்யவேண்டும்.

இன்னொன்று. ஸ்பேஷியாலைட்டில் இடச்சுட்டி போட்டுவிட்டால் வினவல் தானாக வேகமாகும் என்று நினைப்பது பிழை. சுட்டியைத் துணைவினவலாக நாமே எழுதிக் கேட்கவேண்டும். எழுதாவிட்டால் முழு அட்டவணையையும் தடவிப் பார்க்கும். ஐந்து மெகாபைட் தரவுக்கு இவ்வளவு பாரம் தேவையில்லை.

எச்2ஜிஐஎஸ் இதற்கு நேர் எதிர். பிரான்ஸ் நாட்டு ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது, முழுக்க ஜாவா, எச்2 தரவுத்தளத்தின் மேல் ஓடும். டிஎல்எல் என்ற பேச்சே இல்லை. ஜார் எனும் ஜாவா நூலகக் கோப்புகளைப் போட்டு, ஏற்றும் செயற்கூறை ஒருமுறை அழைத்தால் போதும். இதிலும் சுட்டி வேலைசெய்ய வினவலில் இரட்டை அம்பர்சண்ட் குறி வேண்டும்: முதலில் பெட்டி வெட்டுகிறதா என்று கேட்டு, பிறகு வடிவங்கள் வெட்டுகின்றனவா என்று கேட்கவேண்டும். குறையென்றால் இரண்டு. கோப்பைக் கியூஜிஐஎஸ் திறக்காது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஏற்றுமதி ஒன்று செய்யவேண்டும். அடுத்தது பதிப்பு: 1.4.200 எழுதிய கோப்பை 2.x திறக்க மறுக்கும். பழைய ஜாரால் எஸ்கியூஎல் உரையாகக் கொட்டி, புதிய ஜாரால் திரும்ப வாசிக்கவேண்டும். பழைய ஜாரை யாராவது அழித்துவிட்டிருந்தால் அதைத் தேடி எடுக்கும் வரை தரவு பூட்டிக் கிடக்கும். இயல்புநிலையில் எழுத்து 500 மில்லிசெக்கன் வரை தாமதிக்கும் என்பதையும் மனதில் வைக்கவேண்டும். மின்சாரம் போவதற்கு முந்திய அரைச் செக்கனில் செய்த திருத்தம் போகலாம்.

டக்டிபி என்ற பகுப்பாய்வுத் தரவுத்தளத்தின் ஸ்பேஷியல் விரிவாக்கம் கணக்குப் போட அருமையானது. வாய்க்கால் வாரியாக ஏக்கர் கூட்டுவதை இமைக்கும் நேரத்தில் முடிக்கும், ஜியோபேக்கேஜை நேரடியாகவும் வாசிக்கும். ஆனால் அந்த விரிவாக்கம் நிறுவும்போது இணையத்திலிருந்து இறங்குவது. பதிப்பும் இயங்குதளமும் அச்சொட்டாகப் பொருந்தவேண்டும். பகுப்பாய்வு செய்பவரின் கணினியில் இருக்கட்டும், மூலப் பதிவேடாக வேண்டாம். ஜாவாவில் எழுதிய தரவுத்தளங்களான டெர்பி, எச்எஸ்கியூஎல்டிபி இரண்டிலும் வடிவியல் தரவு வகையே இல்லை என்பதால் அவற்றோடு மினக்கெட ஒன்றுமில்லை.

மிஞ்சுவது ஜியோபேக்கேஜ். இது தரவுத்தள இயந்திரமல்ல. எஸ்கியூலைட் கோப்புக்குள் வரைபடத் தரவை எப்படி அடுக்குவது என்று ஓஜிசி என்ற புவித்தரவு நியம அமைப்பு 2014இல் முதற்பதிப்பு வெளியிட்ட நியமம். கியூஜிஐஎஸ், கியூஃபீல்ட் இரண்டுக்கும் இதுவே தாய்மொழி. சாதாரண எஸ்கியூலைட் டிரைவர் ஒன்றே போதும்.

ஜியோபேக்கேஜின் வயிற்றுக்குள்

ஜாவா வரைபட நூலகமான ஜியோடூல்ஸின் ஜியோபேக்கேஜ் பகுதியையோ, அமெரிக்க அரசின் புவித்தரவு முகமையான என்ஜிஏ வெளியிட்ட ஜாவா நூலகத்தையோ எடுத்தால் கீழே வரும் வேலையின் பெரும்பகுதி முடிந்தே வரும். ஏற்கனவே ஜியோடூல்ஸ் பாவிக்கும் மென்பொருள் என்றால் அதையே எடுப்பது சரி. சிறிய மென்பொருளுக்குக் கையால் எழுதுவதும் இருநூறு முந்நூறு வரிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் எந்த வழியில் போனாலும் உதவும்.

வடிவம் சேமிக்கப்படும் பைட் தொகுதியின் முதலிரண்டு பைட் 71, 80. அதாவது ஜி, பி என்ற ஆங்கில எழுத்துகள். மூன்றாவது பதிப்பு, பெறுமதி 0. நான்காவது கொடிப் பைட்: அதன் கடைசி பிட் பைட் வரிசையையும், அதற்கு முன்னுள்ள மூன்று பிட் எல்லைப்பெட்டியின் வகையையும் சொல்லும். சிறுமுனை வரிசை (எண்ணின் சிறிய பைட் முதலில்; பெருமுனை அதன் எதிர்), இருபரிமாணப் பெட்டி என்றால் கொடியின் பெறுமதி 3. அடுத்த நான்கு பைட் ஆள்கூற்று முறையின் எண். அதன்பின் பெட்டி 32 பைட். பிறகு டபிள்யூகேபி.

இடறும் இடம் பெட்டியின் வரிசை. கை பழக்கத்தில் குறைந்த எக்ஸ், குறைந்த வை, கூடிய எக்ஸ், கூடிய வை என்று எழுதிவிடும். நியமம் கேட்பது குறைந்த எக்ஸ், கூடிய எக்ஸ், குறைந்த வை, கூடிய வை. மாறிப்போனால் பிழைச்செய்தி ஒன்றும் வராது. வடிவத்தைத் தனியே வாசித்தால் சரியாகவே தெரியும். பெட்டியை நம்பும் வினவல் மட்டும் வயலை விட்டுவிடும். வரைபடத்தை நகர்த்த நகர்த்தச் சில துண்டுகள் மறைந்து மறைந்து வரும்.

ஜேடிஎஸ்ஸின் டபிள்யூகேபி எழுதி இயல்பாகப் பெருமுனை வரிசையில் எழுதும். அது குற்றமில்லை, டபிள்யூகேபி தன் வரிசையைத் தானே சொல்லிக்கொள்ளும், தலைப்பின் வரிசையோடு ஒத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எஸ்ஆர்ஐடி (ஆள்கூற்று முறையின் எண்) சேர்க்கும் தெரிவை இயக்கக்கூடாது; அது வேறொரு விரிவுவடிவம், ஜியோபேக்கேஜ் ஏற்காது. வாசிப்பான், எழுதி இரண்டையும் நூலிழைகளுக்கிடையில் பங்குபோடவும் கூடாது.

இனி ட்ரிகர், அதாவது அட்டவணை மாறும்போது தானாக ஓடும் கட்டளை. ஜியோபேக்கேஜின் இடச்சுட்டி எஸ்கியூலைட்டின் ஆர்-ட்ரீ அட்டவணை; துண்டைச் சேர்த்தால், மாற்றினால், அழித்தால் ட்ரிகர்கள் சுட்டியைப் புதுப்பிக்கும். அந்த ட்ரிகர்கள் எஸ்டி_இஸ்எம்ட்டி, எஸ்டி_மின்எக்ஸ், எஸ்டி_மெக்ஸ்எக்ஸ், எஸ்டி_மின்வை, எஸ்டி_மெக்ஸ்வை என்ற ஐந்து செயற்கூறுகளை அழைக்கின்றன. வெறும் எஸ்கியூலைட்டில் அவை கிடையாது. ஆகவே கியூஜிஐஎஸ் செய்த கோப்பை ஜாவாவில் திறந்து வாசித்தால் எல்லாம் நன்றாக ஓடும். முதல் சேமிப்பில் “அப்படியொரு செயற்கூறு இல்லை” என்று எறியும். இந்த இடத்தில் பலர் ட்ரிகரை அழித்துவிட்டுத் தப்புகிறார்கள். சேமிப்பு நடக்கும், சுட்டி பழையதாகவே நிற்கும், புது வயல் திரையில் வராது.

சரியான வழி, அந்த ஐந்தையும் ஜாவாவிலேயே எழுதி டிரைவரில் பதிவது. ஸீரியல் வெளியிடும் எஸ்கியூலைட்-ஜேடிபிசி டிரைவர் இதற்கு இடம் தருகிறது. பலகோணத்துக்கு டபிள்யூகேபியைப் பிரிக்கவே வேண்டாம். தலைப்பின் 8ஆம் பைட்டிலிருந்து (பூச்சியத்திலிருந்து எண்ணி) எட்டு எட்டாக நான்கு எண்ணை வாசித்தால் முடிந்தது. புள்ளிக்கு மட்டும் கவனம்: கியூஜிஐஎஸ் புள்ளிகளைப் பெட்டியில்லாமல், கொடி 1 என எழுதும். பெட்டி இருக்கிறது என்று நம்பி வாசிக்கும் செயற்கூறு கிணறுகளின் டபிள்யூகேபிக்குள் கைவைத்து ஏதோவொரு எண்ணைக் கொண்டுவரும். கொடியைப் பார், பெட்டி இல்லாவிட்டால் வடிவத்தைப் பிரி.

ஆர்-ட்ரீ எண்களை 32 பிட் மிதவைப்புள்ளியாகவே வைத்திருக்கும். கீழெல்லையைக் கீழ்நோக்கியும் மேலெல்லையை மேல்நோக்கியும் தள்ளிவிடும். எனவே சுட்டி கொடுக்கும் விடையில் கூடுதலாகச் சில துண்டு வரலாம், விடுபடாது. மீட்டர் கட்டத்தில் 7,64,000 அளவிலான எண்ணுக்குப் படி 6.25 சென்ரிமீட்டர். பாகையில் 80.4க்கு அது ஏறத்தாழ 0.8 மீட்டர். வரப்பின் அகலமே அவ்வளவுதான். ஒட்டிய இரண்டு வயலில் எது என்று கேட்கும்போது சுட்டியின் விடையோடு நிற்காமல் ஜேடிஎஸ்ஸால் ஒருமுறை உறுதிசெய்யவேண்டும்.

டிரைவர்

ஸீரியல் டிரைவர் ஒரே ஜார். விண்டோஸ், லினக்ஸ், மெக் எல்லாவற்றுக்குமான நேட்டிவ் நூலகமும் (ஜாவாவில் அல்லாமல் அந்தந்த இயங்குதளத்துக்கே தொகுத்தது), ஆர்-ட்ரீயும் உள்ளே. சில வெளியீடுகளுக்கு நிகழ்வுப்பதிவு எழுதும் எஸ்எல்எஃப்4ஜே ஜாரும் கூட வேண்டும். இல்லாவிட்டால் தொடங்கும்போதே விழும். ஓடும்போது நேட்டிவ் நூலகத்தைத் தற்காலிகக் கோப்புறையில் அவிழ்த்து ஏற்றும். அங்கே எழுதவோ இயக்கவோ அனுமதி இல்லாவிட்டாலோ, வைரஸ் தடுப்பான் இடையில் பிடித்துக்கொண்டாலோ இணைப்பு விழும். டிரைவரின் டெம்ப் கோப்புறை அமைப்பை மென்பொருளின் சொந்தக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் தீரும். ஜாவா 24 முதல் நேட்டிவ் நூலகம் ஏற்றும் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வரி ஓடும். தொடக்கக் கட்டளையில் நேட்டிவ் அணுகலுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் மறையும்.

செயற்கூறுகள் இணைப்புக்கு இணைப்பு பதியவேண்டியவை. இணைப்புக் குளம் (திறந்த இணைப்புகளைத் திரும்பத் திரும்பப் பாவிக்கும் தொகுப்பு) வைத்தால், குளத்தின் தொடக்க எஸ்கியூஎல் வரியால் இதைச் செய்யமுடியாது, ஏனென்றால் பதிவது ஜாவா அழைப்பு. இணைப்புகளைத் தரும் டேட்டாசோர்ஸை ஒரு சிறு வகுப்பால் போர்த்தி, புது இணைப்பு பிறக்கும் இடத்தில் ஐந்தையும் பதிந்து, பிஸி டைம்அவுட்டையும் (பூட்டு விலகக் காத்திருக்கும் நேரம்) 5,000 மில்லிசெக்கன் என்று வைத்துக் கொடுக்கவேண்டும். எழுத ஒரு இணைப்பு, வாசிக்க ஒன்றிரண்டு. அதற்குமேல் எஸ்கியூலைட்டுக்குப் பயனில்லை.

மொத்தமாக ஏற்றும்போது தன்னியக்க உறுதிப்படுத்தலை (ஒவ்வொரு வரியையும் தனிப் பரிவர்த்தனையாக முடிப்பதை) நிறுத்தவேண்டும். 7,200 சுற்று வன்தட்டில் செக்கனுக்கு அறுபது பரிவர்த்தனை என்று வைத்தால் 20,000 வரி ஐந்தரை நிமிடம். ஒரே பரிவர்த்தனைக்குள் போட்டால் சில செக்கன்.

பென்டிரைவும் வால் கோப்பும்

எஸ்கியூலைட்டின் வால் (டபிள்யூஏஎல், முன்னெழுதும் பதிவு) முறையில் புதிய எழுத்து முதலில் பக்கத்திலுள்ள இன்னொரு கோப்பில் விழும். பெயருக்கேற்ற வால்தான்: தலையை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் வாலில் இருப்பது போகாது. மென்பொருளோ கியூஜிஐஎஸ்ஸோ திறந்திருக்கும்போது பிரதான கோப்பை மட்டும் பென்டிரைவுக்குக் கொப்பி பண்ணினால், காலையிலிருந்து செய்த திருத்தம் இல்லாத கோப்பு போய்ச்சேரும். கோப்பு பழுதாகியிருக்காது, திறக்கும், பழைய எல்லைகளைக் காட்டும். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க நாளெடுக்கும்.

வால் முறை கோப்பின் தலைப்பிலேயே பதிந்திருப்பதால், எழுத்து பூட்டிய பென்டிரைவில் அப்படிப்பட்ட கோப்பைத் திறப்பதும் சிக்கல். வலையமைப்புப் பகிர்வுக் கோப்புறையில் வால் முறை வேலைசெய்யாது.

எனவே மென்பொருளில் “கையளிக்கும் பிரதி” என்று ஒரு பொத்தான் வேண்டும். அது வேக்யூம் இன்ரூ கட்டளையால் புதுக் கோப்பு எழுதி, அதைத் திறந்து ஜேர்னல் முறையை டிலீட் ஆக்கி மூடவேண்டும். அந்தப் பெயரில் ஏற்கனவே கோப்பு இருந்தால் கட்டளை மறுக்கும்; பெயரில் திகதியும் நேரமும் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. கட்டளைக்கு எஸ்கியூலைட் 3.27 அல்லது பிந்தியது வேண்டும். எழுதியது தட்டில் பதியும் வரை காத்திருக்கச் செய்யும் சிங்க்ரனஸ் அமைப்பை எக்காரணம் கொண்டும் ஓஃப் ஆக்கக்கூடாது. மின்கலம் செத்த மடிக்கணினியிலோ யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியிலோ மழைக்கால இடியோடு மின்சாரம் போகும்போது கோப்பே உடையலாம்.

இரண்டு தொலைபேசி வயலுக்குப் போய்த் திரும்பினால் இரண்டிலும் 20,001 என்ற எண்ணில் வேறு வேறு வயல் இருக்கும். தொடரெண்ணை அடையாளமாக நம்பாமல் யூயூஐடி (எங்கே உருவாக்கினாலும் ஒன்றோடொன்று மோதாத அடையாளம்) நிரல் ஒன்றைத் தொடக்கத்திலேயே வைக்கவேண்டும்.

ஆள்கூறு

தொலைபேசி தருவது ஜிபிஎஸ்ஸின் ஆள்கூற்று முறையான டபிள்யூஜிஎஸ் 84. பழைய தாள்கள் கண்டவளைக் கட்டத்தில் (மேலே சொன்ன கண்டாவளை ஊரல்ல, பழைய நிலஅளவை ஆதாரத்தளத்தின் பெயர்); ஆள்கூற்று முறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் ஈபிஎஸ்ஜி 5234. அதன் பொய்த்தொடக்கம் (எண்கள் எதிராகாதிருக்க மூலப்புள்ளிக்குக் கொடுக்கும் பெறுமதி) கிழக்கு 2,00,000, வடக்கு 2,00,000. 1999ஆம் ஆண்டுக் கட்டம் ஈபிஎஸ்ஜி 5235. அதில் இரண்டும் 5,00,000. கிளிநொச்சி நகரம் முன்னதில் ஏறத்தாழ 1,59,000, 4,64,000. பின்னதில் 4,59,000, 7,64,000. எண்ணைப் பார்த்தவுடனே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம், மென்பொருளும் இறக்குமதியின்போது இந்தச் சோதனையைச் செய்யவேண்டும். ஆனால் 3,00,000ஐக் கூட்டிக் கழித்து ஒன்றை மற்றதாக்கக்கூடாது; இரண்டின் ஆதாரத்தளமும் (பூமியின் வடிவத்தையும் நிலையையும் குறிக்கும் அடிப்படை) வேறு. கண்டவளையிலிருந்து டபிள்யூஜிஎஸ்ஸுக்குப் போகும்போது ஆதாரத்தள மாற்றத்தை விட்டால் இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளும். ஒருவர் வயல் அடுத்தவர் வயலாகிவிடும்.

அட்டவணைகளை 5235இல் வைப்பது நல்லது. ஏக்கர் கணக்கு (4,046.86 சதுர மீட்டர்) நேரே வரும். பாகையில் வைத்தால் ஒரு ஏக்கர் 0.00000033 சதுரப் பாகை என்று வந்து நிற்கும். ஜியோபேக்கேஜில் எப்போதும் நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு. ஜியோடூல்ஸ் ஈபிஎஸ்ஜி 4326ஐ இயல்பாக அகலாங்கு முதலில் என்று எடுக்கும். நெட்டாங்கு முதல் என்ற தெரிவைக் கொடுக்காவிட்டால் கிளிநொச்சி நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். வரைபடம் வெறுமையாகத் தெரிந்தால் முதலில் அங்கே தேடவும்.

ஊர்ப்பெயர்

தமிழ் எழுத்துக்கு எஸ்கியூலைட்டில் தடையில்லை. ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்புவடிவில் கொடுக்கும்படி கேட்பவரிடம் மட்டும் முதலே சொல்லிவிடவேண்டும்: அதன் நிரல் பெயருக்கு 10 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். “இரணைமடு” 21 பைட்.

தேடலில் வேறு சிக்கல். கொக்கிளாயின் “கொ”வை ஒரே ஒகரக்குறியாலும் எழுதலாம். எகரக்குறியும் கால்குறியும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றேபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாவின் நோர்மலைசரால் என்எஃப்சி என்ற ஒரே நியம வடிவுக்குக் கொண்டுவந்தால் தீரும். அகரவரிசையும் அப்படித்தான்: யூனிகோட் வரிசையில் ற, வகரத்துக்கு முன்னால் நிற்பதால் றெட்பானா வவுனிக்குளத்துக்கு முன் வந்துவிடும். எஸ்கியூஎல்லில் வரிசைப்படுத்தாமல் ஐசியூ4ஜே என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் ஒழுங்கால் ஜாவாவில் வரிசைப்படுத்தவேண்டும்.

தெரிவு இதுதான்: மூலக்கோப்பு ஜியோபேக்கேஜ், டிரைவர் ஸீரியல், வடிவியல் ஜேடிஎஸ், ஆள்கூற்று மாற்றத்துக்கு முழுக்க ஜாவாவான ப்ரோஜ்4ஜே. ஜியோடூல்ஸின் ஈபிஎஸ்ஜி பகுதி எச்எஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்றைத் தற்காலிகக் கோப்புறையில் அவிழ்க்கும். மூன்றே ஆள்கூற்று முறைக்கு அது வேண்டாம். பார்க்கவேண்டிய சோதனை, இணையம் நிறுத்திய, நிர்வாகி அனுமதியில்லாத, பயனர் பெயர் தமிழில் உள்ள விண்டோஸ் கணக்கில்: கியூஜிஐஎஸ் செய்த கோப்பைத் திறந்து ஒரு வயலையும் ஒரு கிணற்றையும் சேர்த்து, கையளிக்கும் பிரதி எடுத்து, அதை இன்னொரு கணினியில் திறந்து இரண்டும் பெட்டித் தேடலில் வருகின்றனவா என்று பார்ப்பது. அந்தக் கணினியில் நேட்டிவ் நூலகம் எதையும் ஏற்றவே விடாத கட்டுப்பாடு இருந்தால் மட்டும் எச்2ஜிஐஎஸ்ஸுக்குப் போகவேண்டும். அப்போது எச்2 ஜாரையும் தரவுக்கோப்போடு அதே கோப்புறையில் வைத்துக் கொடுக்கவேண்டும்.